பிரெஞ்சு வாக்கியம் எங்கே பிழைக்கிறது: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

பிரெஞ்சு கற்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவர்களுடைய பயிற்சித் தாள்களில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பிழைகளில் பெரும்பகுதி தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் உள்ள இடைவெளியால் வருவதில்லை. தமிழில் எழும் எண்ணத்தை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்குவதால் வருகிறது. நேராகப் போனால் தமிழே கைகொடுக்கும் இடங்கள் பல உண்டு. தமிழே தடுமாறச் செய்யும் இடங்களும் உண்டு. எது எங்கே என்பதைப் பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில், ஏறத்தாழ ஒலிக்கும் விதத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். உங்கள் வாக்கியம் எந்த அறிகுறியோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம்.

அறிகுறி: வயது, பசி, குளிர், பயம் ஆகியவற்றைச் சொல்லும்போது ‘ஜெ ஸுயி’ என்று தொடங்கிவிடுகிறேன்

‘ஜெ ஸுயி’ என்பது ‘நான் இருக்கிறேன்’ என்று பொருள்படும் ஏத்ர் வினையின் வடிவம். ஆங்கிலத்தில் வயதுக்கும் பசிக்கும் அந்த வினையே வருவதால், ஆங்கிலத்தின் வழியே வருபவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். ஆனால் தமிழில் நாம் என்ன சொல்கிறோம் என்று பாருங்கள்: எனக்கு இருபது வயது, எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள். எல்லாவற்றிலும் ‘எனக்கு’ நிற்கிறது. தமிழில் நான்காம் வேற்றுமை நிற்கும் இத்தகைய இடங்களில் பிரெஞ்சு, உடைமையைக் குறிக்கும் அவுவார் வினையை வைக்கிறது: ஜே வேந்த் ஆன், ஜே ஃபேன், ஜே ஃப்ருவா, ஜே தெ ஃப்ரேர். ‘ஜெ ஸுயி ஃப்ருவா’ என்று எழுதினால் ‘நான் அன்பை வெளிக்காட்டாத மனிதன்’ என்ற பொருள் வந்துவிடும்.

சோதனை எளிது. தமிழ் வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்கி, பசிக்கிறது, குளிர்கிறது, வலிக்கிறது என்பதுபோல் ஒரு வினையால் முடிந்தால் அவுவாரை எடுங்கள். ‘சோர்வாக இருக்கிறது’, ‘மகிழ்ச்சியாக இருக்கிறது’ என்று ‘ஆக இருக்கிறது’ வந்தால் பெரும்பாலும் ஏத்ர் வரும், ஏனென்றால் அங்கே பிரெஞ்சில் நிற்பது ஒரு பெயரடை. சில விலக்குகளை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: ‘பயமாக இருக்கிறது’, ‘வெட்கமாக இருக்கிறது’, ‘தாகமாக இருக்கிறது’ போன்றவற்றுக்கு அவுவார்தான். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் புரிகிறது’ ஆகியவை இந்தச் சோதனைக்குள் அடங்கா. அங்கே பிரெஞ்சில் ‘ஜெ’ எழுவாயாகி, அதற்குரிய தனி வினை வரும்.

இதே ‘எனக்கு’ இன்னோரிடத்திலும் உதவுகிறது. ‘எனக்கு இரண்டு நாள் வேண்டும்’ என்பது பிரெஞ்சில் ‘இல் ம ஃபோ தெ ஜூர்’. அங்கே ‘ம’ என்பது நம்முடைய ‘எனக்கு’ என்பதற்கு நேரானது. ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது ‘ஸா ம ப்ளே’. அங்கும் அதே ‘ம’. மாணவர்களை அதிகம் குழப்பும் ‘த்யு ம மாங்க்’ என்ற வாக்கியமும் இந்த அச்சில் வார்த்ததுதான். ‘நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது’ என்று விரித்துப் பாருங்கள்: நீ எழுவாய், எனக்கு ‘ம’. ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு ‘ஜெ த மாங்க்’ என்று திருப்பி எழுதுபவர், ‘நான் இல்லாமல் நீ ஏங்குகிறாய்’ என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். அன்போடு எழுதும் கடிதத்தில் இப்படி நேர்வது வருத்தத்துக்குரியது.

அறிகுறி: ‘அவனுக்கு உதவினேன்’ என்று எழுதினால் ‘லுயி’ என்பதை அடித்துத் திருத்துகிறார்கள்

இங்கே குற்றவாளி தமிழ். ‘அவனுக்கு’ என்ற நான்காம் வேற்றுமையைப் பார்த்தவுடன் ‘லுயி’ என்று எழுதத் தோன்றுவது இயல்பு. பல வினைகளுக்கு அது சரியும்கூட: அவனுக்குக் கொடு, அவனுக்கு எழுது, அவனுக்குக் கீழ்ப்படி ஆகிய மூன்றுக்கும் ‘லுயி’ சரியே. ஆனால் உதவுவதைக் குறிக்கும் ‘ஏதே’, நன்றி சொல்வதைக் குறிக்கும் ‘ர்மெர்ஸியே’, காத்திருப்பதைக் குறிக்கும் ‘ஆதான்த்ர்’ ஆகியவை நேரடிச் செயப்படுபொருளை ஏற்பவை. அவற்றோடு ‘ல’ அல்லது ‘லா’ வர வேண்டும். பிரெஞ்சின் காதில் இவை ‘அவனை உதவு’, ‘அவரை நன்றி சொல்’ என்பதுபோல் ஒலிக்கின்றன.

மறுபக்கமும் உண்டு. ‘அவனிடம் கேட்டேன்’ என்பதில் நமக்கு ‘இடம்’ உருபு வருகிறது. பிரெஞ்சில் ‘த்மான்தே’ வினையோடு ‘லுயி’ வரும். தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் ‘தெலெஃபொனே’ வினைக்கும் ‘லுயி’தான், நாம் ‘அவனை அழைத்தேன்’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொன்னாலும். வினையைத் தனியாக எழுதாமல், அதனோடு வரும் முன்னிடைச் சொல்லையும் (பெயருக்கு முன் நின்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்) சேர்த்தே குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

அறிகுறி: ‘மூன்று ஆண்டுகளாகப் படிக்கிறேன்’ என்பதை எந்தக் காலத்தில் எழுதுவது?

தமிழில் எந்தக் காலமோ அந்தக் காலத்தில். ‘படிக்கிறேன்’ என்பது நிகழ்காலம். பிரெஞ்சிலும் நிகழ்காலம்: ‘ஜாப்ரான் ல ஃப்ரான்ஸே தெப்புயி த்ருவா ஸான்’. தொடங்கி இன்னும் முடியாத செயல் என்றால், ‘ஆக’ என்ற நம் உருபுக்கு ‘தெப்புயி’ நேராகப் பொருந்துகிறது. ‘மூன்று ஆண்டுகள் படித்தேன்’ என்று முடிந்துபோன செயலாக இருந்தால் ‘பான்தான்’, ‘மூன்று ஆண்டுகளுக்கு முன்பு’ என்றால் ‘இல் யா’. இந்த மூன்றையும் தமிழ் மூன்று வடிவங்களில் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் கூட்டு இறந்தகாலத்தை நடுவில் கொண்டுவந்தால்தான் சிக்கல் உண்டாகிறது.

அறிகுறி: இறந்தகாலத்தில் பாஸே கொம்போஸேயா, ஏன்பார்ஃபேயா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறுகிறேன்

இது பெரிய சிக்கல். பாஸே கொம்போஸே என்பது முடிந்த செயலைச் சொல்லும் கூட்டு இறந்தகாலம். ஏன்பார்ஃபே என்பது அப்போது நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக இருந்ததையும் சொல்லும் இறந்தகாலம். ‘நீண்ட நேரம் நடந்தது ஏன்பார்ஃபே, சிறிது நேரம் நடந்தது பாஸே கொம்போஸே’ என்று பலர் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அந்த விதி தவறு. ‘அந்த வீட்டில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தேன்’ என்பது எவ்வளவு நீண்டதாக இருந்தாலும், அளவு சொல்லி மூடப்பட்ட காலம். ஆகவே பாஸே கொம்போஸே. கால அளவு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, அந்தச் செயலின் இரு கரைகளும் வாக்கியத்தில் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தமிழில் இதற்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. முதலாவது, ‘கொண்டிருந்தது’. ‘மழை பெய்தது’ என்று நீங்கள் எழுதியதை ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று மாற்றினால் பொருள் கெடவில்லை என்றால் ஏன்பார்ஃபே. ‘மழை பெய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது’ என்பதில் மழை ஏன்பார்ஃபே, கதவு பாஸே கொம்போஸே: ‘இல் ப்லெவே கான் லா பொர்த் ஸே தூவெர்த்’. கதவைத் ‘திறந்துகொண்டிருந்தது’ என்று மாற்றிப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

இரண்டாவது கருவி நாம் கவனிக்காமலே பயன்படுத்துவது. ‘அப்போதெல்லாம் தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்கிறோம். ‘நடப்பேன்’ என்பது வடிவத்தில் எதிர்காலம். பொருளில் கடந்தகால வழக்கம். தமிழ் மாணவர் ஒருவர் இதை ‘ஜெ மார்ஷரே’ என்று எழுதிக் கொண்டுவந்தார். அது ‘இனிமேல் நடப்பேன்’ என்று பொருள்படும். அவர் எதிர்கால விகுதியைப் பார்த்து எதிர்காலத்தை எழுதியிருந்தார். உழைப்பில் குறையில்லை, தமிழ் வடிவத்தை அப்படியே நம்பிவிட்டார். சரியான வடிவம் ‘ஜெ மார்ஷே’, ஏன்பார்ஃபே. ‘அப்போதெல்லாம்’ என்ற சொல்லை வாக்கியத்தின் முன் வைக்க முடிந்தால், வினை ‘பேன்’, ‘வேன்’, ‘வாள்’ என்று எதில் முடிந்தாலும் ஏன்பார்ஃபேயை எடுங்கள். மொழிபெயர்ப்பில் எதிர்த்திசையிலும் இது உதவும்: நினைவுகளைச் சொல்லும் பத்தியில் ஏன்பார்ஃபே வரிசையாக வந்தால், எல்லாவற்றையும் ‘கொண்டிருந்தான்’ என்று இழுக்காமல் ‘எழுவான், நடப்பான், வந்து அமர்வான்’ என்று எழுதினால் தமிழ் உயிரோடு இருக்கும்.

ஒரு வினையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ‘தெரிந்தது’ என்ற தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு பிரெஞ்சு வடிவங்கள் ஒளிந்திருக்கின்றன. முன்பே தெரிந்திருந்தது என்றால் ‘ஜெ ஸாவே’. அந்தக் கணத்தில் தெரியவந்தது என்றால் ‘ஜே ஸு’. கதையில் ஒரு பாத்திரத்துக்கு உண்மை எப்போது தெரிந்தது என்பதே இந்த வேறுபாட்டில்தான் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் இதைத் தவறவிட்டால் கதை மாறிவிடும்.

அறிகுறி: கூட்டு இறந்தகாலத்தில் அவுவார் வருமா, ஏத்ர் வருமா?

போ, வா, பிற, இற, விழு, தங்கு, ஏறு, இறங்கு போன்ற சுமார் பதினைந்து வினைகளும், ‘ஸ’ என்ற தற்சுட்டுச் சொல்லோடு வரும் எல்லா வினைகளும் ஏத்ர் கேட்கும் என்பது பாடநூல் விதி. பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் பிழை விடும் இடம் எதுவென்றால், பட்டியலில் உள்ள சில வினைகள் செயப்படுபொருளை ஏற்கும்போது அவுவாருக்கு மாறிவிடுவது. ‘எல் ஏ மோன்தே’ என்றால் அவள் ஏறினாள். ‘எல் ஆ மோன்தே லா வாலிஸ்’ என்றால் அவள் பெட்டியை ஏற்றினாள். ‘எல் ஏ ஸொர்த்தி’ வெளியேறினாள். ‘எல் ஆ ஸொர்த்தி லா க்ளே’ சாவியை வெளியே எடுத்தாள்.

தமிழில் தன்வினை, பிறவினை என்று நாம் பள்ளியில் படித்த பாகுபாடு இங்கே அப்படியே வேலை செய்கிறது. ஏறினாள் என்றால் ஏத்ர், ஏற்றினாள் என்றால் அவுவார். இறங்கினாள் என்றால் ஏத்ர், இறக்கினாள் என்றால் அவுவார். நமக்கு மெய்யெழுத்து மாறுவதில் வரும் வேறுபாடு அவர்களுக்குத் துணைவினையில் வருகிறது.

அறிகுறி: ‘அவள் எழுதினாள்’ என்பதில் பெண்பால் விகுதி சேர்த்தால் தவறு என்கிறார்கள், வேறோர் இடத்தில் சேர்க்காவிட்டால் தவறு என்கிறார்கள்

தமிழ் வினை எழுவாயோடு ஒத்துப்போவது: எழுதினான், எழுதினாள். அந்தப் பழக்கத்தில் அவுவாரோடு வரும் வினையெச்ச வடிவத்துக்கும் பெண்பால் விகுதி சேர்த்துவிடுகிறோம். ஏத்ரோடு வரும்போது அது எழுவாயைப் பின்பற்றும் என்பது உண்மை. அவுவாரோடு வரும்போது அது எழுவாயைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரடிச் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதனோடு ஒத்துப்போகும்.

‘ஜே ஏக்ரி லா லெத்ர்’ என்பதில் கடிதம் பின்னால் வருகிறது, மாற்றமில்லை. ‘லா லெத்ர் க ஜே ஏக்ரித்’, நான் எழுதிய கடிதம், என்பதில் கடிதம் முன்னால் வந்துவிட்டது. அது பெண்பால் என்பதால் வினையின் இறுதியில் ‘த்’ ஒலிக்கத் தொடங்குகிறது. எழுதுவது ஆணா பெண்ணா என்பதற்கு இதில் இடமே இல்லை. இத்தாலிய வழக்கைப் பின்பற்றி இந்த விதியை 16-ஆம் நூற்றாண்டில் கவிஞர் கிளெமான் மரோ பரிந்துரைத்தார். பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது நின்று யோசிக்கும் விதி இது. தற்சுட்டு வினைகளிலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ‘எல் ஸே லாவே’ என்று அவள் தன்னைக் கழுவிக்கொண்டால் பெண்பால் எழுத்து சேரும். ‘எல் ஸே லாவே லே மேன்’ என்று கைகளைக் கழுவினால், கழுவப்பட்ட கைகள் பின்னால் நிற்பதால் சேராது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும், எழுத்தில்தான் பிழை வெளிப்படும்.

அறிகுறி: ஒரு பொருள் ஆண்பாலா பெண்பாலா என்பதை ஊகிக்கவே முடியவில்லை

தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. பகுத்தறிவுள்ளவை உயர்திணை, மற்றவை அஃறிணை. பிரெஞ்சில் பால் சொல்லைப் பொறுத்தது. ஆகவே ஏன் மேசை பெண்பால் என்று கேட்பதில் பயனில்லை, சொல்லின் வால் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு. செயலைக் குறித்து ‘ஸியோன்’ என்று முடிபவையும், பண்பைக் குறித்து ‘தே’ என்று முடிபவையும் பெண்பால். ‘மான்’, ‘இஸ்ம்’ என்று முடியும் கருத்துப்பெயர்கள் ஆண்பால். ‘ஆஜ்’ என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். பாஜ், இமாஜ், ப்ளாஜ், காஜ் போன்ற சில மட்டும் பெண்பால். ‘ம்யுஸே’, ‘லிஸே’ ஆகிய இரண்டும் எழுத்தில் பெண்பால் வாலோடு தோன்றினாலும் ஆண்பால்.

பால் மாறினால் பொருள் மாறும் சொற்களைத் தனியே குறித்துவைக்க வேண்டும். ‘லா தூர்’ கோபுரம், ‘ல தூர்’ சுற்று. ‘லா மெமுவார்’ நினைவாற்றல், ‘ல மெமுவார்’ ஆய்வேடு. புதிய சொற்களுக்குப் பால் எப்படி வருகிறது என்பதற்கு அண்மைய சான்று கோவிட். நோய் என்ற பிரெஞ்சுச் சொல் பெண்பால் என்பதால் ‘லா கோவிட்’ என்பதே சரி என்று பிரெஞ்சு அகாதெமி 2020 மே மாதம் அறிவித்தது. ஆனால் மக்கள் வழக்கில் அதற்கு முன்பே ‘ல கோவிட்’ பரவியிருந்தது, இன்றும் இரண்டையும் காணலாம்.

தமிழாக்கம் செய்பவர் கவனிக்க வேண்டியது வேறு. ‘லா விக்திம்’, ‘லா பெர்ஸொன்’ ஆகியவை எப்போதும் பெண்பால் சொற்கள். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் அடுத்த வாக்கியத்தில் ‘எல்’ என்ற பெண்பால் சுட்டு வரலாம். அதைப் பார்த்து ‘அவள்’ என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும். ‘அவர்’ என்ற பொதுச் சொல் தமிழில் இருப்பது இந்த இடத்தில் பெரும் வசதி.

இதையொட்டிய சிறு கேள்வி: தோழி பெண்பால் ஆயிற்றே, ஏன் ‘ஸொன் ஆமி’ என்று ஆண்பால் வடிவம் வருகிறது? உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஸா’ வந்தால் இரண்டு உயிர்கள் மோதும். அதைத் தவிர்க்கவே அந்த மாற்றம். உடம்படுமெய் படித்தவர்களுக்கு இந்த உறுத்தல் புரியும். மேலும் ‘ஸொன்’, ‘ஸா’ என்பவை உடைமைப் பொருளின் பாலைக் காட்டுமே தவிர உடையவரின் பாலைக் காட்டா. அவனுடைய வீடா, அவளுடைய வீடா என்பதை முந்திய வாக்கியத்தில்தான் தேட வேண்டும்.

அறிகுறி: பெயர்ச்சொல்லுக்கு முன் எதை வைப்பது என்றே தெரியவில்லை

தமிழில் ‘ல’, ‘லா’ போன்ற முன்சொல் இல்லாததால் இது பழகித்தான் வர வேண்டும். தண்ணீரை வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் குடிக்கிறேன், அதாவது அளவு சொல்லாத கொஞ்சம் தண்ணீர்: ‘ஜெ புவா த லோ’. எனக்குத் தண்ணீர் பிடிக்கும், அதாவது தண்ணீர் என்ற பொருளே பிடிக்கும்: ‘ஜெம் லோ’. தண்ணீர் குடிப்பதில்லை: ‘ஜெ ந புவா பா தோ’. எதிர்மறை வந்தவுடன் முன்சொல் சுருங்கிவிடுகிறது. ஆனால் ‘இது தண்ணீர் அன்று’ என்பதில் சுருங்காது: ‘ஸ நே பா த லோ’. தமிழிலும் ‘இல்லை’ வேறு, ‘அன்று’ வேறு அல்லவா? ‘தண்ணீர் இல்லை’ என்று பொருள் வந்தால் சுருக்குங்கள், ‘தண்ணீர் அன்று’ என்று பொருள் வந்தால் முழுமையாக விடுங்கள். பேச்சில் நாம் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுவதால், எழுத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அறிகுறி: கி, க, தோன், ஊ ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழின் பெயரெச்சம் மிகவும் சிக்கனமானது. ‘நான் பார்த்த பையன்’, ‘என்னைப் பார்த்த பையன்’, ‘நான் பேசுகிற புத்தகம்’, ‘நான் பிறந்த ஊர்’ ஆகிய நான்கிலும் பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவைக் காட்டும் தனி உருபு எதுவும் இல்லை, கேட்பவரே உணர்ந்துகொள்கிறார். பிரெஞ்சு அந்த உறவை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கிறது. ஆகவே பெயரை மீண்டும் எச்சத்துக்குள் கொண்டுபோய், முழு வாக்கியமாக விரித்து, அது என்ன உருபு ஏற்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘நான் பையனைப் பார்த்தேன்’: பையன் செயப்படுபொருள், ஆகவே ‘ல கார்ஸோன் க ஜே வ்யு’. ‘பையன் என்னைப் பார்த்தான்’: பையன் எழுவாய், ஆகவே ‘ல கார்ஸோன் கி மா வ்யு’. ‘நான் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன்’: பேசு என்ற வினை பிரெஞ்சில் ‘த’ என்ற முன்னிடைச் சொல்லைக் கேட்கும், ஆகவே ‘ல லீவ்ர் தோன் ஜெ பார்ல்’. ‘நான் ஊரில் பிறந்தேன்’: இடம், ஆகவே ‘லா வில் ஊ ஜெ ஸுயி நே’. வேறு முன்னிடைச் சொல் வந்தால், எடுத்துக்காட்டாக ‘நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி’ என்பதில் ‘மேல்’ என்ற பொருள் வருவதால், ‘ஸ்யுர் லாகெல்’ என்று அந்த முன்னிடைச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்த விரித்தெழுதும் பயிற்சியை முதல் இரண்டு வாரங்களுக்குக் காகிதத்தில் செய்யச் சொல்கிறேன். மனத்துக்குள் செய்தால் ‘தோன்’ வர வேண்டிய இடங்கள் எல்லாம் ‘க’ ஆகிவிடுகின்றன.

அறிகுறி: ஸுப்ஜோன்க்திஃப் எப்போது வரும்?

ஸுப்ஜோன்க்திஃப் என்பது, செயலை நடந்த உண்மையாகச் சொல்லாமல் எண்ணத்தில் இருப்பதாகக் காட்டும் வினைவடிவம். விருப்பம், கட்டாயம், அச்சம், ஐயம் ஆகியவற்றுக்குப் பின் வரும் ‘க’ என்ற இணைப்புக்கு அடுத்து வரும். இருவருடைய செயல்கள் இருந்தால் மட்டுமே அது தேவை: ‘நான் போக விரும்புகிறேன்’ என்பதில் ஒருவரே இருப்பதால் ‘ஜெ வெ பார்திர்’, ‘அவன் போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் இருவர் இருப்பதால் ‘ஜெ வெ கில் பார்த்’. பலர் தவறும் இரண்டு இடங்கள்: நம்பிக்கையைக் குறிக்கும் ‘எஸ்பேரே’ உடன்பாட்டில் ஸுப்ஜோன்க்திஃபைக் கேட்காது. ‘பின்பு’ என்று பொருள்படும் ‘ஆப்ரே க’ என்பதும் இலக்கணப்படி கேட்காது, ‘முன்பு’ என்று பொருள்படும் ‘அவான் க’ கேட்கும். நடந்து முடிந்ததற்கு உறுதி உண்டு, நடக்கப்போவதற்கு இல்லை என்பதே காரணம்.

அறிகுறி: எதிர்மறையை ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன், ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது

இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். மொழிபெயர்ப்பைத் தொடங்கிய காலத்தில் ஒரு கடிதத்தில் ‘ஜெ க்ரேன் கில் ந வியென்’ என்ற வாக்கியம் வந்தது. ‘ந’ என்ற எதிர்மறைச் சொல்லைப் பார்த்து ‘அவர் வரமாட்டாரோ என்று அஞ்சுகிறேன்’ என்று எழுதிவிட்டேன். கடிதத்தின் பொருள் ‘அவர் வந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்’ என்பது. அதற்கு மேல் வந்த இரண்டு பத்திகளும் அந்த மனிதரின் வருகையைத் தடுப்பது பற்றியே பேசின. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அச்சத்தைக் குறிக்கும் வினைகளுக்குப் பின்னும், ‘அவான் க’ என்பதற்குப் பின்னும், ஒப்பீடுகளிலும் வரும் இந்தத் தனி ‘ந’ எதிர்மறை அன்று. ‘பா’ என்ற துணையோடு வந்தால்தான் எதிர்மறை: ‘கில் ந வியென் பா’ என்றிருந்தால் என் மொழிபெயர்ப்பு சரியாக இருந்திருக்கும். இந்த ‘ந’ எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழர் எளிதில் உணரலாம். ‘மழை வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன்’ என்கிறோம். பயப்படுவது மழை வருவதைப் பற்றி. ஆனால் அந்தப் பயத்துக்குள் இருக்கும் ‘வரக் கூடாது’ என்ற விருப்பம் வாக்கியத்தில் எதிர்மறையாகக் கசிந்துவிடுகிறது. பிரெஞ்சிலும் அதே கசிவுதான்.

பேச்சில் இதற்கு நேர்மாறாக, ‘ந’ காணாமல் போய் ‘பா’ மட்டும் நிற்கும். ‘ப்ல்யு’ என்ற சொல்லில் இது ஆபத்தாக முடியும்: கடைசி ‘ஸ்’ ஒலிக்காவிட்டால் ‘இனி இல்லை’, ஒலித்தால் ‘இன்னும் கூடுதல்’. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர்கள் அந்த ஓர் ஒலிக்காக மீண்டும் கேட்பது நல்லது.

அறிகுறி: ‘நூ’ என்பதை நாம் என்பதா, நாங்கள் என்பதா?

பிரெஞ்சில் இந்த வேறுபாடு இல்லை. தமிழில் தவிர்க்க முடியாது. கேட்பவர் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். அறிக்கையிலும் விண்ணப்பத்திலும் பெரும்பாலும் ‘நாங்கள்’, சொற்பொழிவில் பெரும்பாலும் ‘நாம்’. ‘ஓன்’ என்ற சுட்டு இன்னும் வழுக்கும்: ‘ஓன்னி வா’ என்றால் போகலாம், ‘ஓன் மா தி’ என்றால் என்னிடம் சொன்னார்கள். ‘ஒருவர்’ என்று அதை எங்கும் ஒரே சொல்லால் பெயர்ப்பது தமிழை முடமாக்கிவிடும்.

அறிகுறி: ஆங்கிலத்தில் தெரிந்த சொல், ஆனாலும் வாக்கியம் பொருந்தவில்லை

‘லிப்ரேரி’ புத்தகக் கடை, நூலகம் ‘பிப்லியோதெக்’. ‘அக்துயெல்மான்’ தற்போது. ‘அஸிஸ்தே’ வினைக்கு ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொள்வது என்ற பொருளும் உண்டு. ‘லொகாஸியோன்’ வாடகைக்கு விடுதல். எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது ‘எவான்துயெல்மான்’: அது ‘இறுதியில்’ அன்று, ‘தேவை நேர்ந்தால்’. ஓர் ஒப்பந்தத்தில் ‘தேவை நேர்ந்தால் பணம் செலுத்துவோம்’ என்பதை ‘இறுதியில் பணம் செலுத்துவோம்’ என்று பெயர்த்தால், இல்லாத வாக்குறுதி ஒன்று உருவாகிவிடும்.

அறிகுறி: இரண்டு நூல்களில் ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது

இரண்டும் சரியாக இருக்கலாம். 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் எழுத்துத் திருத்தங்கள் வெளியாயின. ‘இ’, ‘உ’ எழுத்துகளின் மேல் வரும் கூரைக் குறி பல சொற்களில் விருப்பத்துக்கு விடப்பட்டது. கூட்டு எண்களுக்கு இடையே இணைகோடு பரவலாக்கப்பட்டது. பழைய வடிவங்கள் தவறாகிவிடவில்லை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அறிகுறி: பொருள் சரி, இலக்கணம் சரி, ஆனாலும் தமிழாக்கம் படிக்க மூச்சு முட்டுகிறது

பிரெஞ்சு வாக்கியம் தலையை முதலில் வைத்து, விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் தொங்கவிடும். தமிழ் வாக்கியம் விளக்கங்களை எல்லாம் முன்னால் அடுக்கி, தலையைக் கடைசியில் வைக்கும். ஆகவே மூன்று ‘கி’ உள்ள பிரெஞ்சு வாக்கியத்தை ஒரே தமிழ் வாக்கியமாக்கினால், எழுவாயைப் பார்ப்பதற்கு முன் வாசகர் மூன்று பெயரெச்சங்களைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க நேரிடும். ‘எவரொருவர் வந்தாரோ அவர்’ என்ற அமைப்பால் தப்பிக்க முயல்பவர்கள் வேறொரு செயற்கைத் தமிழில் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் பெயரெச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடுங்கள். அடுத்த ‘கி’ வரும் இடத்தில் ‘அவர்’ அல்லது ‘அது’ என்று புதிய வாக்கியத்தைத் தொடங்குங்கள். ‘நேற்று வந்த, வெளியூரில் வேலை செய்கிற, நாம் பல ஆண்டுகளாக அறிந்த மருத்துவர் புறப்பட்டுவிட்டார்’ என்பதைவிட, ‘நேற்று வந்த மருத்துவர் புறப்பட்டுவிட்டார். அவரை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். வேலை செய்வது வெளியூரில்’ என்பது வாசகரின் கையில் நிற்கும். பிறகு மூலத்தை மூடி வைத்துவிட்டு, தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் மூலத்தைத் திறந்து பாருங்கள்.